மூன்று சதவீதம்

இன்னும் கட்டாத வீடுகளுக்குள் நடந்து போவதுபோல் கணினியில் வீடியோ செய்து கொடுப்பது அக்காவின் தொழில். அவளுடைய பழைய கணினியை ஓவர்கிளாக் செய்து, தயாரித்தவர்கள் சொன்ன வேகத்தைப்போல் ஒன்றரை மடங்கில் பல வருடம் ஓடவிட்டவன் தம்பி. அவனுக்கென்று வீட்டில் இருந்த பெருமை அது ஒன்றுதான்.

புது பிராசஸர் வந்ததும் அதையும் முடுக்க உட்கார்ந்தான். வோல்டேஜை ஏற்றினான். சூடு ஏறியது, விசிறி அலறியது. சூட்டைத் தணிக்கப் பெரிய கூலர் மாட்டியும் வேகம் கூடியது மூன்று சதவீதம்தான்.

"கரும்புச் சக்கைய மறுபடியும் மெஷின்ல விடுறியேடா" என்றாள் அக்கா. "செஞ்சவங்களே முழுசா பிழிஞ்சுதான் அனுப்புறாங்க. இருக்கிற வேகமே போதும், விடு."

"உனக்கு இதெல்லாம் புரியாதுக்கா."

"நாளைக்கு வீடியோ போகணும். இதுல சொதப்பினா, நமக்கு வேலை குடுக்கிற ஒரே பில்டர் கம்பெனியும் கைய விட்டுப் போயிடும். எல்லாத்தையும் பழையபடி வெச்சிடு. வெச்சுட்டியா?"

"வெச்சாச்சு, வெச்சாச்சு."

வைக்கவில்லை. சோதனை ஒருமுறை தடங்கலில்லாமல் ஓடியிருந்தது. அது போதுமென்று நினைத்தான். அந்த மூன்று சதவீதத்தையும் விட்டுவிட்டால் தன் கையில் என்ன மிஞ்சும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அன்றிரவு வீடியோவை உருவாக்கும்போது கணினி நடுவில் நின்றிருந்தால்கூடத் தேவலை. நிற்கவில்லை, கணக்குகளை மட்டும் அங்கங்கே தப்பாகப் போட்டுக்கொண்டே ஓடி முடித்தது. அக்கா தொடக்கத்தையும் முடிவையும் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

மறுநாள் மதியம் அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. "சரிங்க... புரியுதுங்க" என்பதைத் தவிர அவள் வேறெதுவும் பேசவில்லை. வைத்துவிட்டு வீடியோவை ஓட்டினாள். நடுவில், படுக்கையறைச் சுவரில் கறுப்புக் கட்டங்கள் தோன்றித் தோன்றி மறைந்தன. வீடு வாங்க வந்தவர்கள் முன்னால், பெரிய திரையில் இதைப் போட்டிருக்கிறார்கள்.

"இனிமே வேண்டாமாம்" என்றாள்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெச்சாச்சுன்னு சொன்னியே."

அவள் வீடியோவை நிறுத்தினாள்.

"எவ்வளவு நேரம்டா மிச்சமாச்சு?"

"ஒரு டீ போட்டுக் குடிக்கிற நேரம்."

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பழையபடி வைக்க ஒரு பொத்தான்தான். அழுத்தினான். விசிறிகள் அடங்கின. அந்தக் கணினிக்கு இனி ஓட்ட வேலை எதுவும் இல்லை.