ஒத்திவைக்கப்படாத கூட்டம்

பழைய நாடாளுமன்றத்தில் முதல் நாள் கூட்டமே இன்னும் முடியவில்லை. எண்பத்தேழு ஆண்டுகளாக நடக்கிறது. செவ்வாய் தவிர மற்ற நாட்களில் பார்வையாளர்களை விடுகிறார்கள். எட்டு மாதக் குழந்தை சுமிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் போனது ஒரு வியாழக்கிழமை.

வழிகாட்டி ஜெபக்குமார் மெல்லிய குரலில் விளக்கினார். வலப்பக்கம் ஆளுங்கட்சி, நாற்பத்தொரு பேர். இடப்பக்கம் எதிர்க்கட்சி, அங்கேயும் நாற்பத்தொன்று. கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பது ஆளுங்கட்சியின் தீர்மானம். எதிர்க்கட்சி எதிர்க்கிறது. ஒவ்வொரு முறையும் சரிசமம்.

"இவங்களுக்கு வயசே ஆகலையா சார்?"

"கூட்டம் முடிஞ்சாத்தானேம்மா இவங்களுக்கு அடுத்த நாள் வரும்?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

ஆளுங்கட்சி வரிசையைத் தாண்டும்போது சுமிதா அழுதாள். சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொண்டார். அங்கே யாருடைய குரலோ கையோ குறிப்பில் ஏறுகிறதோ, அவர் உறுப்பினர். கூட்டம் முடியாமல் வெளியே போக முடியாது. ஆளுங்கட்சிக் கொறடா ஓடிவந்து அவளை வாங்கிக்கொண்டார்.

"கன்னிப் பேச்சே கணீர்னு இருக்கு. இவ நம்ம கட்சிக்காரி!"

கீழ் ஈறில் அவளுக்கு ஒரு பல் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அது அப்படியே நின்றுவிடும்.

"பயப்படாதீங்கம்மா. இப்ப நாற்பத்திரண்டு ஆச்சு. அஞ்சு நிமிஷத்துல எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் ஜெபக்குமார்.

சபாநாயகர் மணி அடித்தார். "ஆதரிப்பவர்கள்?"

நாற்பத்திரண்டு கைகள். சுமிதாவின் கையைக் கொறடா தூக்கிப் பிடித்தார்.

"எதிர்ப்பவர்கள்?"

அந்த நேரம் பார்த்து அவள் விரலைச் சூப்பினாள். பசி. பால் கொடுக்க அனுமதி கேட்க வேண்டும். கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள் நான். கை தூக்காமல் வாய் திறந்து பழக்கமில்லை. தூக்கினேன்.

எண்ணினார்கள். நாற்பத்திரண்டு.

"போச்சுடா" என்றார் ஓர் அமைச்சர். எதிர்க்கட்சிப் பெரியவர் ஒருவர் தள்ளி உட்கார்ந்தார். "வாம்மா, நல்ல நேரத்துல வந்தே."

மறுபடி எப்போது வாக்கெடுப்பு என்று கேட்டேன்.

"கும்பாபிஷேகம் மாதிரிதாம்மா. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை." ஜெபக்குமார் அடுத்த குழுவை அழைத்துவரப் போனார்.

பசித்தால் சுமிதாவை என்னிடம் தூக்கி வருகிறார்கள். நடுப்பாதையைத் தாண்டினால் கட்சி மாறியதாகக் கணக்கு. அதனால் அவள் குடிக்கத் தொடங்கியதும் ஆட்சி கவிழ்ந்து எங்கள் பக்கம் பதவியேற்கிறது. குடித்து முடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டுவேன். எண்பத்திரண்டு பேரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். ஏப்பம் வந்ததும் அவளைத் திருப்பிக் கொண்டுபோவார்கள். பழைய ஆட்சி அமையும்.

முதல் வேளையிலேயே சுகாதாரத் துறையைக் கேட்டு வாங்கினேன். பல் முளைக்கலாம் என்று ஆணை எழுதி முடிப்பதற்குள் ஏப்பம் வந்துவிட்டது. அடுத்த வேளை, முதுகைத் தட்டும் முன்பே கையெழுத்துப் போட்டேன்.

ஆணைகள் அங்கே மூப்பு வரிசைப்படி, வேளைக்கு ஒருவராக நடைமுறைக்கு வருகின்றன. என் பக்கத்துப் பெரியவருக்கு ஒரு பல் முளைத்தது. அவர் சபாநாயகருக்கு நன்றி சொல்லிவிட்டு முறுக்கு கேட்டார். சுமிதாவுக்கு முன்னால் இன்னும் எண்பத்தொரு பேர்.