பண்டைய மொழியில் பேசுகிறாள்

டொரத்தி வீட்டிலிருந்தபடியே டிவி தொடர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் அடுக்குமாடி வீட்டில் அவளும் தங்கை நடாலியும் இருபத்தாறு வருஷம் ஒன்றாக இருந்தார்கள். போன வருஷம், ஐம்பத்தொரு வயதில், நடாலி கல்யாணம் செய்துகொண்டு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு டொரத்தி சில நாள் சாயங்காலம் வரை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்துவிடுவாள்.

மார்ச்சில் ஓர் எகிப்து ராணியின் கதை வேலைக்கு வந்தது. நான்காம் பகுதியில், கல்லறைக்குள் அடைபட்ட ராணி சுவரைத் தடவியபடி ஏதோ சொல்கிறாள். ஆங்கில வசனத்தில் அந்த இடம் காலி. டொரத்தியின் காதில் ‘வா’ என்று விழுந்தது. மறுபடி போட்டுக் கேட்டாள். ‘வா’தான். யாரைக் கூப்பிடுகிறாள்?

வேலை கொடுக்கும் கம்பெனியின் விஷ்ணுப்ரியாவுக்குப் போன் செய்தாள்.

“ஸ்கிரிப்ட்ல இல்லன்னா ‘பண்டைய மொழியில் பேசுகிறாள்’னு போட்டுடுங்க லா, ஆன்டி.”

அப்படியே போட்டு அனுப்பினாள். ஆனால் மனம் கேட்கவில்லை. பழைய எகிப்து மொழி படிப்பவர்களின் இணையக் குழு ஒன்றைத் தேடிப் பிடித்து, கேட்ட ஒலியை எழுதி அர்த்தம் கேட்டாள். ஒன்பதாம் நாள் கெய்ரோவிலிருந்து ஒரு மாணவி பதில் போட்டிருந்தாள்.

‘இயூயி வா-குயி. நான் தனியாக இருக்கிறேன் என்று அர்த்தம். வா என்றால் தனி. அந்தக் காலத்தவர்கள் உயிரெழுத்துகளை எழுதாததால் சரியான உச்சரிப்பு யாருக்கும் தெரியாது. ஆனாலும் உங்கள் தொடர்க்காரர்கள் விவரம் தெரிந்த ஆளிடம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.’

டொரத்தி உடனே விஷ்ணுப்ரியாவைக் கூப்பிட்டாள்.

“அதை மாத்தணும்மா.”

“எபிசோட் சேனலுக்குப் போயிடுச்சே ஆன்டி. பரவால்ல, யாரு கவனிக்கப் போறா?”

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து டிவி போட்டாள். ராணி சுவரைத் தடவினாள். கீழே டொரத்தி எழுதிய வரி வந்தது: பண்டைய மொழியில் பேசுகிறாள். பொய் சாட்சி சொல்லிவிட்டு வந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

அப்போதுதான் நடாலி போன் செய்தாள். என்ன செய்றே என்று வழக்கம்போலக் கேட்டாள்.

“நான் தனியாக இருக்கிறேன்,” என்றாள் டொரத்தி, சப்டைட்டிலில் போட்டிருக்க வேண்டிய அதே சுத்தத் தமிழில்.

“அக்கா? என்னக்கா ஆச்சு?”

“ஐயோ, நான் இல்லடி. டிவில ஒரு ராணி சொல்றா.” நடந்ததையெல்லாம் சொன்னாள்.

நடாலி சிரித்தாள். “பயந்தே போயிட்டேன் போ.”

டொரத்தியும் சிரித்தாள். பிறகு, “நானும்தான் நடாலி,” என்றாள். “தனியாத்தான் இருக்கேன்.”

நடாலி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“ஏன்க்கா இவ்வளவு நாள் சொல்லல?”

“நீ கேக்கறப்பல்லாம் நல்லா இருக்கேன்னுதானே வாயில வருது.”

டிசம்பரில் நடாலி வந்து பத்து நாள் இருந்தாள். போகும்போது கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் வரை டொரத்தி பெட்டியை இழுத்துக்கொண்டு கூடப் போனாள். விமான நிலையத்துக்கான ரயில் கிளம்பியதும் நடந்தே வீட்டுக்கு வந்து, ஒரு ஆளுக்கு அரிசி களைந்து வைத்தாள்.