மடக்கிப் பிடித்த காது

...இன்னும் ஒரே ஒரு பின்னல்தான், இதையும் போட்டுவிட்டால் ஆயிற்று என்று வெர்னிஸின் விரல்கள் தாமாகவே முடியை மூன்று பிரியாகப் பிரித்துக்கொண்டிருந்தன. தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் வெந்நீர்க் குழாய் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது, அவள் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்த நைலா கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தாள், ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன பொறுமை, ஒரு முனகல் இல்லை, சீப்பு காதோரம் வந்ததும் சொல்லாமலே காதை மடக்கிப் பிடித்துக்கொள்கிறாளே, யார் பழக்கினார்கள்... யார் பழக்கியிருப்பார்கள், இவள் அம்மா ஷவோன்தான், வேறு யார். அந்த ஷவோனைத்தான் இன்னும் காணோம். மில்வாக்கியில் பனி கொட்டுகிற சனிக்கிழமையில் பஸ் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது, வாழ்நாளெல்லாம் அதே பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த வெர்னிஸுக்கு அது தெரியாதா என்ன, ஆனாலும் மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த குழந்தைகள் நலத்துறைப் பெண் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அவளும் கடிகாரத்தைப் பார்த்தாள். வருகிற வாரம் நீதிபதி முன்னால் இந்தப் பெண் என்ன சொல்கிறாளோ அதைப் பொறுத்துத்தான் நைலா தாயிடம் திரும்புவதா, இப்போது வைத்து வளர்க்கிற வெள்ளைக்காரக் குடும்பத்தோடேயே இருந்துவிடுவதா என்று முடிவாகும்.

அந்த வளர்ப்புத் தாயையும் கெட்டவள் என்று சொல்ல முடியாது. பிள்ளையைக் கொண்டுவந்து விட்டபோது குல்லாயைக் கழற்றிவிட்டு, இதை என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை என்று கண்கலங்கத்தான் செய்தாள், உள்ளே ஒரே சிக்கு, பறவை விட்டுப்போன கூடு மாதிரி. அதைப் பார்த்ததும் வெர்னிஸுக்கு ஆற்றாமை பொங்கிக்கொண்டு வந்தது. ஷவோன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலைக்குப் போன ஒரு நாள், துணைக்கு வருவதாகச் சொன்ன பெண் வராமல் போய், பிள்ளை தனியாகத் தூங்கியது, யாரோ நலத்துறைக்குப் போன் செய்தார்கள், வந்தவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அவர்கள் சொன்ன குறைகளில் தலைமுடியைக் கவனிக்கவில்லை என்பதும் ஒன்று. இப்போது இந்தச் சிக்கு மட்டும் யாருடைய குறை, அந்த வீட்டில் சிக்கு விழுந்தால் பாவம், இப்போதுதானே பழகிக்கொள்கிறார்கள், ஷவோன் வீட்டில் விழுந்தால் தாய்க்கு அக்கறையில்லை... ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரத் தெருக்களில் பிள்ளை தனியாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரி வந்து தாயைத் திட்டிவிட்டுப் போவாள், கறுப்பர்கள் இருக்கிற இந்தப் பக்கம் நலத்துறைக் கார் வந்து நிற்கும். இப்படி ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகள் போனதைப் பார்த்துப் பார்த்துத்தானே தேவாலயத் தோழி லொரேனும் அவளும் இந்தச் சனிக்கிழமையை ஆரம்பித்தார்கள், ஜன்னல் இல்லாத அலுவலக அறையில் தாயும் பிள்ளையும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம், இங்கே வரட்டும், கோழி வறுபடும் வாசனையில் உட்காரட்டும், தாய் தலை பின்னட்டும், பார்க்க வருகிறவர்கள் அந்தக் கையைப் பார்க்கட்டும் என்று. லொரேன் போட்ட விதி ஒன்றே ஒன்றுதான், பிள்ளையின் தலை தாய்க்கு, நமக்குச் சீப்பை எடுத்துக் கொடுக்கிற வேலை மட்டும்.

இன்றைக்கு வெர்னிஸ் சீப்பைக் கையில் எடுத்தபோதே சமையலறைக் கதவிலிருந்து லொரேன் எட்டிப்பார்த்தாள். "உன் கையைக் கட்டித்தான் போடணும்டி, ஒரு தலையைக் கண்டுறக் கூடாது உனக்கு." சிக்கு மட்டும் எடுக்கிறேன், பாவம் வலிக்குமே என்றாள் வெர்னிஸ். நிஜமாகவே அவ்வளவுதான் நினைத்தாள். சிக்கை எடுத்த பிறகு அப்படியே விட்டால் மறுபடி விழுமே என்று எண்ணெய் தடவினாள், தடவிய பிறகு வகிடு, வகிடு எடுத்த பிறகு சும்மா ஒரு பின்னல், நேராக வந்திருக்கிறதா பார்க்க இன்னொன்று... ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முந்தின சாயங்காலங்களில் அவள் அம்மாவின் முழங்கால்கள் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி அணைத்துக்கொள்ளும், அந்தச் சுவருக்குள் இருந்தவரை உலகத்தில் யாரும் தன்னைத் தொட முடியாது என்று தோன்றும், அது வேறு யாருடைய முழங்காலாக இருந்திருந்தால் அப்படித் தோன்றியிருக்குமா?

கதவு திறந்தது. பனி ஒட்டிய கோட்டோடு ஷவோன் நின்றாள், மூச்சு வாங்கியது, பஸ் பாதியில் நின்றுவிட்டதாம், மீதித் தூரம் ஓடி வந்திருக்கிறாள். கையில் ஒரு துணிப்பை, அதிலிருந்து அகலப் பல் சீப்பின் கைப்பிடி எட்டிப்பார்த்தது. வெர்னிஸ் அவளைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள், கடைசிப் பின்னல் பாதியில் இருந்தது, விரல்கள் நின்றிருக்கலாம்... நிற்கவில்லை, இன்னும் வேகமாக ஓடி நுனிவரை போய் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் ஓய்ந்தன. நைலா எழுந்து ஓடித் தாயின் ஈரக்கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஷவோன் குனிந்து ஒவ்வொரு வகிட்டையும் விரல் நுனியால் தொட்டுக்கொண்டே போனாள், நேரான வகிடுகள், எண்ணெய்கூடத் தடவியாகிவிட்டது.

"ரொம்ப அழகா இருக்கு ஆன்ட்டி."

வெர்னிஸ் தடுமாறி, "அவிழ்த்துடலாம்மா, நீயே போடு," என்றாள்.

"வேணாம், திரும்பவும் பிள்ளைக்கு வலிக்கும்," என்று ஷவோன் சீப்பைப் பைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டாள். மூலையிலிருந்த பெண்ணும் நிஜமாகவே அழகாக இருக்கிறது என்று வெர்னிஸைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மடிக்கணினியில் எதையோ தட்டத் தொடங்கினாள். லொரேன் சமையலறைக் கதவிலிருந்து வெர்னிஸின் கையைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், திட்டியிருந்தால் தேவலை.

எண்ணெய்க் கையை எதில் துடைப்பது என்று தெரியாமல் வெர்னிஸ் எழுந்து நின்றாள். பிள்ளைக்கு வலிக்கும் என்றுதான் செய்தேன், அந்தப் பெண் முன்னால் பிள்ளை அலங்கோலமாக இருக்கக்கூடாது என்றுதான்... இருக்கட்டும், தாயை வாசலில் கண்ட பிறகும் ஏன் கை நிற்கவில்லை? அந்த நலத்துறைப் பெண் கடிகாரத்தைப் பார்த்தபோது நானும்தானே பார்த்தேன், அவள் என்ன நினைத்துப் பார்த்தாளோ, நான் என்ன நினைத்துப் பார்த்தேன்? வரமாட்டாள் என்றா? நானுமா?

காலியான நாற்காலியில் ஷவோன் உட்கார்ந்தாள், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். நைலா வந்து அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து, காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.