எடுத்துக் கொடுத்த தாலி

மழைக்காலம் விடைபெற்றுப் போன தைத் திங்களின் காலைப் பொழுதில், செம்பனைத் தோட்டங்கள் நாற்புறமும் வரிசை பிறழாது நிற்க, அவற்றின் ஓலைகளினின்று இரவெல்லாம் தேங்கிய நீர் சொட்டுச் சொட்டாய் உதிர, ஊரை இரண்டாய்ப் பிளந்து செல்லும் இருப்புப்பாதையின் மேல் வெயில் மெல்ல ஊர்ந்து வர, ஜொகூர் மாநிலத்துப் பாலோ என்னும் சிற்றூர் ஒரு திருமணத்துக்காகத் துயிலெழுந்தது. கோயிலை ஒட்டிய மணக்கூடத்தின் வாயிலில் வாழைகள் கட்டப்பட்டிருந்தன. நாயனக்காரர் வந்து சேர்ந்துவிட்டார். சமையற்கட்டில் தாளிப்பின் மணம் எழுந்துவிட்டது. பட்டுடுத்திய பெண்கள் சேற்றுக்கு அஞ்சிச் செருப்பைக் கையில் ஏந்தி நடந்தார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள், தலைமை தாங்க வேண்டியவரைத் தவிர.

அவரும் வந்துதான் இருந்தார். கூடத்துக்கு எதிரே, மரநிழலில் நிறுத்திய மகிழுந்துக்குள், கைப்பிடியில் கை வைத்தவாறு, இறங்கலாமா திரும்பி ஓடிவிடலாமா என்று அரைமணி நேரமாய்த் தன்னோடு தானே வழக்காடிக்கொண்டிருந்தார், 'டத்தோ' என்னும் அரசுப் பட்டம் பெற்ற மதிவாணன். அகவை எழுபத்து மூன்று. ஒரு காலத்தில் இவர் இறங்குவதற்குள் நான்கு பேர் ஓடிவந்து கதவைத் திறப்பார்கள். இன்று கதவு அவர் கையில்தான் இருந்தது. அதைத் திறக்கத்தான் அவரால் முடியவில்லை.

நயமறிந்து படிக்கும் நண்பரே, இம்மனிதரின் வரலாற்றைச் சற்றே கேளும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாய்க்கு மகனாய்ப் பிறந்து, தோட்டத்துப் பள்ளியில் கற்று, தொழிற்சங்கத்தில் எழுத்தராய் அமர்ந்து, கட்சிக் கிளையில் கொடி கட்டி, பின்பு அதே கிளைக்குத் தலைவராகி, மாநிலச் சட்டமன்றத்தில் பதினேழு ஆண்டுகள் உறுப்பினராய் வீற்றிருந்தவர். தீயவர் என்று எவரும் சொல்லார். சுடுகாட்டுக்கு வேலி வேண்டுமா, பள்ளிக்குக் கூரை வேண்டுமா, ஓர் ஆதரவுக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பார். பாதிக் கடிதங்கள் பலித்தன, மீதி என்னவாயின என்று அவரும் கேட்டதில்லை, கொண்டுபோனவரும் வந்து சொன்னதில்லை. ஆனால் அவருடைய உண்மையான அரசு, மணமேடையில் நடந்தது. தொகுதியில் எந்தத் திருமணமானாலும் தாலியைத் தட்டிலிருந்து எடுத்து மணமகன் கையில் கொடுப்பவர் அவரே. அதன்பின் ஒலிவாங்கியைப் பிடித்தாரென்றால், சோறு ஆறிப்போகும் வரை விடமாட்டார். அந்தத் தமிழைக் கேட்பதற்கென்றே தொலைவூரான கோத்தா திங்கியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை நாம் மறைப்பானேன்?

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே கூடத்தில், கமலநாதன் என்பவனுக்குத் திருமணம். கமலநாதன் அவருடைய தேர்தல்களுக்கெல்லாம் மரத்தில் ஏறிக் கொடி கட்டிய தொண்டன். மணமகள் தேன்மொழி, தமிழகத்திலிருந்து வந்த பெண். தாலி ஏறியதும் யாரோ ஒரு பெரியவர், அரசுப் பதிவு அலுவலகத்தில் எழுதியாயிற்றா என்று கேட்க, கமலநாதன் விழிக்க, ஒலிவாங்கி கையிலிருந்த மதிவாணன் முழங்கினார்: "மக்கள் தேர்ந்தெடுத்த கை எடுத்துக் கொடுத்த தாலி இது. இதனினும் பெரிய பதிவு எந்த ஏட்டில் இருக்கிறது?" கூடம் கைதட்டி அதிர்ந்தது. வேறொருவனானால் சிரித்துவிட்டு மறுவாரம் பதிவு அலுவலகத்துக்குப் போயிருப்பான். கமலநாதனோ தலைவர் வாய்ச்சொல்லை வேதமென்று கொண்டவன், போகவில்லை.

மறு ஆண்டு மகள் பிறந்தாள். மலர் என்று பெயரிட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோதுதான் பதிவு அலுவலக முகப்பிலிருந்தவர் திருமணச் சான்றிதழைக் கேட்டார். அலறிப் புடைத்துக்கொண்டு அந்த வாரமே பதிந்தார்கள். ஆயினும் பிள்ளை பிறந்த நாளில் பதிவு இல்லையே. பதிவில்லாத் திருமணத்தின் பிள்ளை தாயின் நாட்டைச் சேரும் என்பது சட்டம். தாயின் நாட்டிலோ அவள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. "குடிமகள் அல்லள்" என்ற முத்திரையோடு சான்றிதழ் வந்தது. கமலநாதன் அதைத் தூக்கிக்கொண்டு தலைவரிடம் ஓடினான். தலைவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது சின்ன விசயம்பா, நான் பாத்துக்கிறேன்" என்று ஓர் ஆதரவுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இரண்டாண்டு கழித்துப் பிறந்த தம்பிக்கு எந்தத் தடையும் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த இருவருள் ஒருவன் குடிமகன், மற்றவள் எந்த நாட்டுக்கும் உரியவள் இல்லை.

பன்னிரண்டாம் அகவையில் பள்ளித் தோழியர் எல்லாரும் அடையாள அட்டை எடுக்கப் பேருந்தில் போனார்கள். மலரும் தலைசீவிப் பொட்டிட்டுப் போனாள். அவர்கள் குடிமக்களுக்கான நீல அட்டையோடு திரும்ப, அவள் தன் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினாள். அன்றுதான் மதிவாணனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அப்போது அவர் தோற்றுப் பதவியிழந்து வீட்டில் இருந்தார். குடியுரிமை கேட்டு அவரே கைப்பட விண்ணப்பம் எழுதினார், மறுக்கப்பட்டது. மீண்டும் எழுதினார், மீண்டும் மறுப்பு. இருபத்தொன்று நிறைந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும் என்று மூன்றாவதும் எழுதி, பழகிய பெரியவர்களையெல்லாம் தேடிப் போனார். ஒருவர் ஓய்வு பெற்றிருந்தார்; ஒருவர் இறந்திருந்தார்; ஒருவர் தேநீர் கொடுத்துப் பழங்கதை பேசி அனுப்பிவைத்தார். புதிய உறுப்பினர் அவரோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார், அவ்வளவே.

கடைசியில் ஜொகூர் பாருவிலுள்ள பதிவு அலுவலகத்துக்குத் தாமே சென்று, எண்ணிட்ட சீட்டை வாங்கிக்கொண்டு, பிற்பகல்வரை நெகிழி நாற்காலியில் அமர்ந்திருந்தார். முகப்பிலிருந்த இளம் மலாய்ப் பெண்ணுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. தாளையெல்லாம் பொறுமையாய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெரியப்பாவிடம் பேசும் பணிவோடு, "பாக்சிக், பிள்ளை பிறக்குறதுக்கு முன்னாடி பதிஞ்சிருக்கணும். அப்போ ஏன் பதியல?" என்று தன் மொழியில் கேட்டாள். பதினேழாண்டு சட்டமன்றத்தில் எந்தக் கேள்விக்கும் வாயடைக்காத மனிதர், எழுந்து, சீட்டைக் குப்பைக்கூடையில் இட்டுவிட்டு வெளியே வந்தார். மலருக்கு இருபத்தொன்று நிறைய மூன்று வாரங்கள் இருக்கையில் பதில் வந்தது. ஒரே வரி, காரணம் இல்லை.

அதற்குப் பின்னும் கமலநாதன் அழைப்பிதழோடு வந்து நின்றதுதான் கொடுமை. "மாப்ள ஜீவன் நல்ல பையன், டத்தோ. சிங்கப்பூர்ல வேலை. பேப்பர் இல்லன்னு தெரிஞ்சுதான் கேட்டு வந்தாங்க."

"பதிய முடியாதே, கமலா?"

"போய்க் கேட்டோம். பொண்ணோட நாட்டுத் தூதரகத்துல லெட்டர் வாங்கிட்டு வரச் சொல்றாங்க. எந்த நாட்டுக்குப் போயி வாங்குறது?" என்று சொல்லிச் சிரிக்க முயன்றான். "நீங்கதான் எடுத்துக் கொடுக்கணும். எங்களுக்கு நீங்க எடுத்துக் கொடுத்தது நல்லாத்தானே இருந்துச்சி."

அவன் ஒரு சொல் சினந்து பேசியிருந்தால் எத்துணை ஆறுதலாய் இருந்திருக்கும். நாளை மலர் வயிற்றில் பிறக்கப் போகும் பிள்ளைக்கும் இதே முத்திரைதான் காத்திருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். அதைத் தடுக்க மதிவாணனிடம் ஒரு தாளும் இல்லை, ஒரு தொலைபேசி எண்ணும் இல்லை. அழைப்பிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இன்று, மகிழுந்தின் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மணக்கோலத்தில் மலரே வந்து நின்றாள். பின்னால் தேன்மொழி சேலை நுனியைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"நேரமாச்சி, டத்தோ. உள்ள வாங்க."

"ஏம்மா என்னைக் கூப்பிட்ட? உன் வாழ்க்கையக் கெடுத்ததே இந்த வாய்தானே?" கண்ணாடியை இறக்கியபடி கேட்டார் அவர்.

மலர் கதவின் விளிம்பில் கை வைத்துக் குனிந்தாள். "தெரியும். அப்பா சொல்லல, அம்மா சொன்னாங்க. கோவம் இருந்துச்சி, இப்பவும் இருக்கு. ஆனா என் கல்யாணத்துக்கும் பேப்பர் கிடையாது. நாளைக்கு யாராச்சும் நடந்துச்சான்னு கேட்டா, ஆமா நடந்துச்சின்னு சொல்ல ஒரு ஆள் வேணும். உங்களத்தான் இங்க எல்லாருக்கும் தெரியும். பேச்செல்லாம் வேணாம், டத்தோ. பாத்தேன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். மேடையேறி, தட்டிலிருந்து தாலியை எடுத்து ஜீவனின் கையில் வைத்தார். மஞ்சளரிசி பொழிந்தது, கெட்டிமேளம் ஓய்ந்தது. வழக்கம்போல் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் சாய்ந்து உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார்கள்.

"இன்று தை பதினான்கு, புதன்கிழமை," என்றார் மதிவாணன். "இடம், பாலோ. காலை ஒன்பது மணி இருபது மணித்துளி. ஜீவன், மலர் இருவருக்கும் திருமணம் நடந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்தவன் பெயர் மதிவாணன்."

பேச்சு இன்னும் வரும் என்று கூடம் காத்திருந்தது. அவர் ஒலிவாங்கியைக் கீழே வைத்தார். எவரும் கைதட்டவில்லை. மலர் மட்டும் தலையைச் சிறிதே அசைத்தாள்.

பெருமைக்காகச் சொன்ன ஒரு சொல், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, சொன்னவர் தலையிலேயே மெய்யாகி வந்து அமர்ந்தது. அந்தத் திருமணத்துக்கு இவ்வுலகில் உள்ள ஒரே பதிவேடு இப்போது அவர்தான். எழுபத்து மூன்று அகவையான, மூச்சு வாங்குகிற, எந்த முகப்பிலும் எவரும் ஏற்காத ஏடு. அவர் பந்திக்குப் போகவில்லை. வருவோர் போவோர் எல்லாரிடமும் நாளையும் நேரத்தையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, மறந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தோடு, வாழை கட்டிய வாயிலிலேயே நெடுநேரம் நின்றிருந்தார்.