இரண்டு ஸ்பூன் சர்க்கரை

மாமியாரின் விரலைப் பஞ்சால் துடைத்து ஊசியை எடுத்த பிறகுதான் மருமகளுக்கு உறைத்தது. இனிச் சர்க்கரை பார்க்க வேண்டாம் என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார்.

“இந்த வயசுல, கிட்னியும் கைவிட்டப்புறம், சர்க்கரை கொஞ்சம் ஏறினா பரவாயில்ல. இறங்கினாத்தான் ஆபத்து. ஊசி போடுறதையும் நிறுத்திடுங்க. ஆசைப்பட்டதைக் குடுங்க.”

அவளே முதியோர் வார்டில் நர்ஸ். பதினோரு வருடமாக மாமியாரின் வாயைக் கட்டியவள், சர்க்கரை டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றியவள். மாமியார் வைத்த பெயர் போலீஸ்காரி. மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் மாமியார் அவளைத் திருடி என்று வாய்க்கு வந்தபடி ஏசியபோது, வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்றது வீடு. அவள் மட்டும் விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது! சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனதும் மாமியார் தெளிந்து, “திட்டினா சக்கரை கிடைக்கும்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே திட்டியிருப்பேனே” என்றாள்.

“என்ன வேணும் அத்தை?”

“டீ. ரெண்டு ஸ்பூன் சக்கரை போட்டு.”

இந்த ஒரு டீயாவது அத்தை கேட்டபடி அமைய வேண்டும். கண்ணீர் கண்ணை மறைக்க, மருமகள் டப்பாவை இறக்கினாள். கணவனுக்கு டம்ளர், மாமியாருக்கு நீலக் கோப்பை. குவியக் குவிய இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினாள்.

தலையை உயர்த்திப் பிடித்து, ஒவ்வொரு வாயும் தொண்டையில் இறங்கும்வரை காத்திருந்து புகட்டினாள். ஆறு ஸ்பூன் இறங்கியது.

“இனிப்பு போதுமா அத்தை?”

மாமியார் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு லேசாகச் சிரித்தாள்.

“தூக்கலாவே இருக்கு. போலீஸ்காரி மனசு மாறிட்டா.”

அரைமணி நேரத்தில் மூச்சுக்கு மூச்சு இடைவெளி நீண்டது. அப்புறம் மூச்சே வரவில்லை. நர்ஸ் பழக்கத்தில் மணி பார்த்தவள், மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

கணவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். டம்ளர் தொடாமல் கிடந்தது.

“இதையாவது குடிங்க. இனிமே ஆளுங்க வர ஆரம்பிச்சுடுவாங்க.”

ஒரு வாய் குடித்தவன் முகத்தைச் சுளித்தான். “என்ன, பாகு மாதிரி இருக்கு?”

அவள் நீலக் கோப்பையை எடுத்தாள். மிச்சத்தில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். துளி இனிப்பில்லை.

கோப்பையைக் கீழே வைக்கவில்லை. ஆறிப்போன அந்த டீயை அடிவரை மெதுவாகக் குடித்து முடித்தாள்.