நிற்காத ஐசிங்

முள்ளுக்கரண்டியைத் தூக்கியபோது ஐசிங் நுனியில் நிற்கவில்லை. வடிந்து கோப்பைக்குள் விழுந்து, விழுந்த தடமும் தெரியாமல் மூடிக்கொண்டது. எமிலி தேசிக்காய்ப் புளியை இன்னும் சில துளி பிழிந்து விட்டு மறுபடி அடித்தாள். வலக்கை ஓய்ந்ததும் இடக்கைக்கு மாற்றினாள். மீண்டும் தூக்கிப் பார்த்தாள். கஞ்சி போல வடிந்தது.

நாளைக் காலை ஊர்காவற்றுறைக் கோயிலில் அவளுடைய தங்கை ஜசிந்தாவுக்குக் கலியாணம். இன்று பின்னேரம் மாப்பிள்ளையின் தாய் றோசம்மா கூறைச் சீலையுடன் பட்டினத்திலிருந்து வான் வண்டியில் வருகிறாள். கூடவே ஒரு கேக் பெட்டியும் வருகிறது.

அந்தப் பெட்டியின் கதை சம்பந்தம் பேசிய அன்றே தொடங்கியது.

"கேக்கை எங்களிட்டை விடுங்கோ. தீவுக்குள்ளை ஐசிங் வேலை செய்ய ஆர் இருக்கினம்? மீன் வெட்டுற கை வேறை, பூப் போடுற கை வேறை" என்றாள் றோசம்மா. எல்லாரும் சிரித்தார்கள். ஜசிந்தா மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கண்டதும் எமிலிக்குப் பொறுக்கவில்லை.

"கேக்கை நான் செய்யிறன் மாமி."

"அப்பிடியோ? நல்லது. எதுக்கும் நானும் ஒண்டு செய்து கொண்டுவாறன். தேவைப்படாட்டில் திருப்பிக் கொண்டுபோறன்."

பெட்டி திறக்கப்பட்டால் அந்தப் பகிடி ஜசிந்தாவோடு புருஷன் வீட்டுக்குப் போகும். அவள் சமைக்கிற ஒவ்வொரு கறிக்கும் அதுவே தாளிதமாகும்.

எமிலி ஐசிங் போடுவதைக் கண்டது ஒரே ஒரு முறைதான். கன்னியர் மடத்தில் ஒரு திருநாளுக்குச் சிஸ்ரர் ஒருவர் போட்டதைக் கதவடியில் நின்று பார்த்தாள். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன காலம் இது. கடையில் ஐசிங் சீனி இல்லை. ஆகவே கூப்பன் சீனியைச் சின்னக் கல்லுரலில் குற்றி மல் துணியில் அரித்தாள். மெழுகுக் கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி, முடிந்துபோன பற்பசைக் குழாயின் வாயை வெட்டிப் பல்லுப் பல்லாக்கி அதன் நுனியில் பொருத்தினாள். முதல் றோசாக்கள் இறால் தலை போல வந்தன. ஒரு நாள் புளியைக் கூட்டினாள். இன்னொரு நாள் வெள்ளைக்கருவைக் குறைத்தாள். ஒரே நாளில் இரண்டையும் மாற்றவில்லை. மாற்றினால் எது பிழையென்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் இதழ் நின்றது, பின்னல் நின்றது.

இன்றைக்குத்தான் நிற்கவில்லை.

கோப்பையை யன்னலடிக்குக் கொண்டுபோய்ச் சரித்தாள். மேலே மெல்லிய மினுக்கம். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"அம்மா, மரவுரலிலை கடைசியா என்ன இடிச்சனீங்கள்?"

"எள்ளுப்பாகுக்கு எள்ளு. ஏன்?" தாய் கத்தரீனா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "துணியாலை வடிவாத் துடைச்சனான். நீதானே கழுவவேண்டாம், ஈரம் பிடிச்சால் சீனி கட்டிபடும் எண்டனி?"

எமிலி குசினி நிலத்திலேயே குந்திவிட்டாள். இன்று சீனி கூடுதலாக இடிக்க வேண்டியிருந்தபடியால்தான் சின்னக் கல்லுரலை விட்டுப் பெரிய மரவுரலை எடுத்தாள். எண்ணெய் ஒரு பொட்டுப் பட்டாலும் வெள்ளைக்கரு எழும்பாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஈரத்துக்குப் பயந்தாளே தவிர எள்ளை நினைக்கவில்லை.

"வேறை சீனி இல்லையே?"

"அயலட்டை முழுக்க வாங்கிச் சேர்த்ததம்மா இது. இனித் தேத்தண்ணிக்கும் இல்லை."

கத்தரீனா பெருமூச்சு விட்டாள். "அப்ப சம்பந்தியின்ரை கேக்கை வைப்பம் பிள்ளை. ஆர் செய்தால் என்ன?"

"நாளையிலையிருந்து அந்தக் குசினியிலை நிக்கப்போறது நான் அம்மா." ஜசிந்தா வாசலில் நின்றாள். வேறொன்றும் சொல்லாமல் அறைக்குள் போய் ஒரு பிஸ்கட் தகரத்தோடு வந்தாள். அதற்குள் அரிசி. அரிசிக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்: எமிலி பழகியபோது போட்ட பூக்கள், இலைகள், பின்னல் துண்டுகள்.

"உன்னைத் தின்னச் சொல்லியெல்லே தந்தனான்?"

"இறால் தலையைப் பச்சையாத் தின்ன ஏலுமே அக்கா?"

எமிலி எழுந்தாள். கெட்டுப்போன ஐசிங்கை அப்படியே கேக்கின் மேல் ஊற்றினாள். அது தானாக ஓடிப் பரவியது. உடைந்த துண்டுகளைச் சின்னக் கல்லுரலில் பொடியாக்கி, வெள்ளைக்கரு கொஞ்சம் விட்டு அடித்தாள். கரண்டியைத் தூக்கினாள். நின்றது. ஒட்டுவதற்கு அது போதும்.

ஆனால் ஊற்றியது காயவேண்டும். கடற்காற்று ஈரமாக வந்துகொண்டிருந்தது. கத்தரீனா யன்னலுக்குச் சீலை கட்டினாள். அடுப்புத் தணலைச் சட்டியில் அள்ளி மேசைக்குக் கீழே வைத்தாள். றோசம்மாவின் வான் இந்நேரம் வழியில் மண்கும்பானைத் தாண்டியிருக்கும். எமிலி நல்ல பூக்களை மேலே ஒட்டினாள். ஒரு பின்னல் கையிலேயே இரண்டாக முறிந்தது. இரண்டையும் ஓரத்தில் வைத்தாள். முன்பக்கத்து வெறுமைக்கு எஞ்சியிருந்தது ஒரு இறால் தலைதான். அதையும் ஒட்டி அவள் கையை எடுக்கவும் ஒழுங்கையில் வான் ஹோண் அடித்தது.

வந்திறங்கிய றோசம்மா கதிரையில் அமரவில்லை. நேரே மேசைக்கு வந்து கேக்கை ஒருமுறை சுற்றினாள். குனிந்தாள்.

"எள்ளு மணக்குதே?"

எமிலி மறைக்கவில்லை. "ஓம் மாமி. எள்ளு இடிச்ச உரலிலை சீனியை இடிச்சுப்போட்டன். ஐசிங் நிக்கேல்லை, அதை ஊத்தி விட்டனான். பூவெல்லாம் பழகேக்கை போட்டது."

வான்காரர் பெரிய மட்டைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் வந்து நின்றார். "அக்கா, இதை எங்கை வைக்கிறது?"

றோசம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நகத்தால் கேக்கின் விளிம்பைத் தட்டினாள். காய்ந்திருந்தது. முன்பக்கத்தைக் காட்டினாள். "இது என்ன, றோசாவோ?"

"இறால் தலை மாமி" என்றாள் ஜசிந்தா. கத்தரீனா அவளைக் கிள்ளினாள்.

றோசம்மாவின் மூக்கால் ஒரு சிரிப்பு வந்து நின்றது. பலகையை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பினாள். இறால் தலை சுவர்ப்பக்கம் போனது.

"இப்பிடி நிக்கட்டும். எள்ளு மணக்குது எண்டு ஆரும் கேட்டால், மாப்பிள்ளை வீட்டார் சொல்லிப் போடுவிச்சது எண்டு சொல்லும், எமிலி." பிறகுதான் வாசலைப் பார்த்தாள். "அதைத் திருப்பி வானுக்குள்ளை வையும். பெட்டிக்கு மேலை ஒருத்தரையும் இருக்க விடாதையும்."