புதுப் பாடகரின் குரல்

சென்னையின் 'காட்டுத்தீ' ராக் குழுவில் பழைய பாடகர் விலகிப் புதியவர் வந்ததிலிருந்து, ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து இணையத்தில் அடித்துக்கொண்டார்கள். சின்னக் காஞ்சிபுரத்து லக்ஷணாவுக்குப் புதியவரின் குரல் பிடித்திருந்தது. அதைப் புனைபெயரில் ஆர்க்குட் தளத்தில் எழுதினாள். உடனே 'கருநாகம்' என்றொருவன், காது செத்த ஜென்மம் என்று அவளைத் தினமும் திட்டத் தொடங்கினான். ஒரு வாரமாக வகுப்பில் மனம் ஒட்டவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. அவனுக்கான பதில்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எழுதி அடித்தாள். கல்லூரி விட்டதும் பிரௌசிங் சென்டருக்கு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை அவளுடைய கம்ப்யூட்டர் நின்றுபோனது. கடைக்காரரைக் கூப்பிட எழுந்தவள், பக்கத்துத் தடுப்பில் வகுப்புத் தோழன் அருளைக் கண்டாள். காட்டுத்தீயின் பாட்டை அவளுக்கு முதலில் கேட்கக் கொடுத்தவனே அவன்தான். அவன் திரையில் கருநாகத்தின் அடுத்த வசவு பாதி எழுதியபடி நின்றது.

"அருள், அந்தக் காது செத்தவ நான்தான்."

அவன் முகம் வெளுத்தது. "நீன்னு தெரியாதுமா. யாரோன்னு நெனச்சுக்கினு எழுதிட்டேன்."

"யாரோவா இருந்தா எழுதலாமா?"

அவன் தன் வசவுகளை ஒவ்வொன்றாக அழித்தான். கடைசியில், "ஆனா அந்தாளு குரல் நல்லா இல்லதான்பா" என்றான்.

"அதை எங்கிட்ட நேர்ல சொல்லு."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரங்கசாமி குளம் வரை இருவரும் சண்டை போட்டார்கள். அவளுக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு நன்றாகப் பசித்தது.